இரவில் குறைவது

ஒரு லாரித் தண்ணீர், ஒன்பதாயிரம் லிட்டர்.
அதில் முப்பது கிலோ கல்லுப்பு.
நாக்கில் வைத்தால் உப்பென்று சொல்ல யோசிப்பீர்கள்.
கண்ணீரில் இதைப்போல் மூன்று மடங்கு.

மூன்று தெரு தள்ளிக் கடல்.
பாறை கொட்டிய பிறகு இறங்க வழியில்லை.
என் முழங்காலுக்காக இவர், கப்பலேறும் முன்,
காலாடிப்பேட்டை வீட்டின் பின்புறம்
பத்தடிக்கு எட்டடி தொட்டி கட்டி
சுவரில் ஒரு பெட்டியை மாட்டினார்.
"உப்பை உடைச்சு அதுவே குளோரின் ஆக்கிக்கும்.
பகல்ல அஞ்சு மணி நேரம் ஓடட்டும், போதும்."

போதவில்லை.

சோதனைக் குழாயில் இரண்டு சொட்டு விட்டால்
சிவக்க வேண்டிய நீர்
நோயாளியின் நகம்போல் வெளுத்துக் கிடந்தது.
டைமரின் வட்டத்தில் முள் முள்ளாய்,
முள்ளுக்குக் கால் மணி,
ஆறு மணி நேரமாக்கினேன். பிறகு ஆறரை.
மின்கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிட்டது.

"பங்குனி வெயில் தின்னுது" என்றார் டர்பனிலிருந்து.
தார்ப்பாய் விரித்தேன்.
மணலிப் பக்கம் இரவெல்லாம் எரியும் தீயைப் பார்த்து
அந்தக் கரிதான் விழுகிறதோ என்று
ஒரு வாரம் அதன்மேல் பழி போட்டேன்.
"அப்ப ராத்திரி சோதிச்சுப் பாரு.
ராத்திரி வெயில் கிடையாது.
பெட்டியும் ஓடாது.
அப்பவும் குறைஞ்சா
தண்ணிக்குள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

மாலை ஏழு: கொய்யாவின் உட்சிவப்பு. மூன்று.
விடிகாலை ஐந்தரை: ஒன்றரை.

வடிகூடையில் அன்று
வேப்பிலைச் சருகுக்கு நடுவே இரண்டு மீன் செதில்.
காக்கை என்றேன்.
மறுநாள் நான்கு.
இத்தனை செதில் தூக்க
எத்தனை காக்கை வேண்டும்?

அன்றிரவு இரண்டு மணிக்கு முழங்கால் என்னை எழுப்பியது.
சமையலறை ஜன்னல்.
தார்ப்பாய் ஒரு முனையில் மடிந்திருந்தது.
கழுத்தளவு நீரில், இரண்டாம் படியில்,
நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள்
மாடி அறையில் குடியிருக்கும் தேசம்மா.
நீந்தவில்லை. கை அசைக்கவில்லை.
விளிம்பில் அன்னக்கூடை,
சாக்கில் சுற்றிய அரிவாள்மனை.
காசிமேட்டில் ஏலம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம்.
அதன்பின் ஐஸ் உருகும் தரையில்
நண்பகல் வரை நிற்க வேண்டிய கால்கள்
அப்போதைக்கு எடையற்றுக் கிடந்தன.

எழுந்தாள். துண்டைப் பிழிந்தாள்.
குனிந்து, பின்பக்கமாகவே நகர்ந்து,
தன் ஈரக் காலடிகளை
ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்டுவரை போனாள்.
கால் வலிக்காரி குனிவது எனக்குத் தெரியும்.
விளக்குப் போடவில்லை நான்.

காலையில் நான்கு முள்ளை உள்ளே தள்ளினேன்.
ஏழரை மணி நேரம்.
தார்ப்பாயை அந்த முனையில் மட்டும் கட்டாமல் விட்டேன்.
"கண்டுபிடிச்சியா?" என்றார் இவர்.
"வெயில்தான்" என்றேன்.
"ராத்திரியிலயா?"
லைன் விட்டுப்போனது. நான்தான் விட்டேன்.

சித்திரை பிறந்து இரண்டாம் வாரம்
மாடிப்படியில் எதிரே வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே,
வாடகை பேசுவதுபோல் சாதாரணமாக,
"யக்கா, தண்ணில மருந்து வாட தூக்கலா கீது.
கொஞ்சம் கம்மி பண்ணேன்."

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள்,
வாடை அடித்தால் குளோரின் மிஞ்சிவிட்டதென்று.
மிஞ்சியது நாறாது.
உடம்பின் வியர்வையோடும் அழுக்கோடும்
மல்லுக்கட்டித் தீர்ந்துபோனதுதான் நாறும்.
அதற்கு மருந்து, இன்னும் கொஞ்சம் அதுவே.
இதைப் படியில் நின்று விளக்கினால்
எதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கும்.

"சரி தேசம்மா" என்றேன்.

அவள் ஷேர் ஆட்டோ ஏறும்வரை நின்று
பின்புறம் போய்
இன்னும் இரண்டு முள்ளை உள்ளே தள்ளினேன்.